நிறுத்தத் தெரிந்த கை

கராத்தே வகுப்பில் குனிவதும் வரிசையில் நிற்பதும் எதற்காக? மாணவர்கள், பெற்றோர், மாஸ்டர்கள் என மூன்று தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோவின் நிப்பான் புதோகான் அரங்கம். ஒலிம்பிக் கராத்தேயில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹாமெதி 4-1 என முன்னிலையில் இருக்கிறார். அவருடைய நாடு அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட வாங்கியதில்லை. அந்த நேரத்தில் அவர் வீசிய உயரமான உதை, ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே மீது தோளுக்கு மேலே பலமாக விழுகிறது. கஞ்ச்சாதே நினைவிழந்து சாய்கிறார். ஸ்ட்ரெச்சரில் வைத்து வெளியே கொண்டுபோகிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசி முடிவை அறிவிக்கிறார்கள்: கட்டுப்பாடு இல்லாத தாக்குதலுக்காக ஹாமெதி தகுதிநீக்கம் செய்யப்படுகிறார். தங்கப் பதக்கம் மயங்கி விழுந்த கஞ்ச்சாதேக்கு.

குத்துச்சண்டையாக இருந்திருந்தால் அது நாக்-அவுட் வெற்றி. அரங்கமே எழுந்து கை தட்டியிருக்கும். அதனால்தான் தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கும் அந்தத் தீர்ப்பு அநியாயமாகத் தெரிந்தது. கராத்தே வகுப்பில் சில வருடங்களாவது வியர்வை சிந்தியவர்களுக்கு அதன் காரணம் புரிந்திருக்கும். கையையும் காலையும் முழு வேகத்தில் செலுத்தி, எதிராளியின் உடம்பை நெருங்கும் கடைசி நொடியில் நிறுத்துவதுதான் அவர்கள் முதல் வகுப்பிலிருந்து படிக்கும் பாடம். நிறுத்த முடியாத அடிக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. தண்டனைதான் உண்டு.

முழு பலத்தோடு மோதிக்கொள்ளும் கியோகுஷின் போன்ற பிரிவுகளும் கராத்தேயில் இருக்கின்றன. அங்கேயும்கூட கையால் முகத்தில் குத்தத் தடை உண்டு. எந்தப் பிரிவாக இருந்தாலும் எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. அதை மதிக்கும் பழக்கம் போட்டி மேடையில் திடீரென்று வந்துவிடாது. வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே அது தொடங்கியிருக்க வேண்டும்.

நம் ஊர்க் கராத்தே வகுப்புகளில் இந்த மரியாதை முறைகள் இரண்டு விதமாகப் பாழாகின்றன. சில இடங்களில் அவை வெறும் சடங்காகி, பிள்ளைகள் கடனே என்று குனிந்துவிட்டு ஓடுகிறார்கள். வேறு சில இடங்களில் அவை மாஸ்டரின் அதிகாரத்துக்கு வேலியாகி, கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த முறை எதற்காக வந்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பிறந்த ஒழுங்கு

கராத்தேயின் மரியாதை முறைகள் எல்லாம் ஆயிரம் ஆண்டுப் பழைமையான சாமுராய் மரபு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சரித்திரம் வேறு மாதிரி. கராத்தே பிறந்த இடம் ஜப்பானின் தென்கோடியில் இருக்கும் ஒகினாவா தீவு. அது ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்த நாடு. ஷூரி, நாஹா, தொமாரி ஆகிய ஊர்களில் இந்தக் கலை பல காலம் மறைவாகவே கற்றுத் தரப்பட்டது. வீட்டுக் கொல்லையில், இரவு நேரத்தில், ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும். வரிசை, கட்டளை, சீருடை எதற்கும் அங்கே அவசியம் இருக்கவில்லை.

நிலைமையை மாற்றியவர் அன்கோ இதோசு. 1901-இல் ஷூரியின் ஆரம்பப் பள்ளிக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தவர் அவர். அதுவரை நன்கு தெரிந்த ஓரிருவர் கையில் மட்டும் கொடுக்கப்பட்ட வித்தை, ஒரே நேரத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் கையில் போனது. ஒருவரையொருவர் அடித்துக் காயப்படுத்தாமல் அத்தனை பேரும் படிக்க வேண்டும் என்றால் ஒழுங்கு வேண்டும். வரிசை வந்தது. எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லாரும் சேர்ந்து அசைவது வந்தது. சிறுவர்களுக்கு ஏற்ற பினான் என்ற எளிய கத்தாக்களை, அதாவது வரிசைப்படுத்திய அசைவுத் தொடர்களை, இதோசு வகுத்தார். 1908-இல் கராத்தேயின் பயனையும் அதைக் கற்கும் முறையையும் பத்து அம்சங்களாக எழுதி அரசுக்கு அனுப்பினார்.

அவருடைய மாணவரான கிச்சின் ஃபுனகோஷியும் பள்ளி ஆசிரியர்தான். 1922-இல் டோக்கியோவுக்குப் போய் கராத்தேயை நிகழ்த்திக் காட்டினார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ அவரைத் தம்முடைய கோதோகான் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னார். இன்று நம் பிள்ளைகள் போடும் வெள்ளை யூனிஃபார்மும் கறுப்பு பெல்ட் முறையும் கானோவின் ஜூடோவிலிருந்து வந்தவை. ஃபுனகோஷி முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் வழங்கியது 1924-இல். அவர் தம் மாணவர்களுக்கு விட்டுச்சென்ற இருபது நெறிகளில் முதலாவது, கராத்தேயின் தொடக்கமும் முடிவும் வணக்கம்தான் என்பதை நினைவூட்டுகிறது. இரண்டாவது, முதலில் கை ஓங்கக் கூடாது என்கிறது. இந்த இரண்டாவது நெறியை காமகுராவின் எங்காகுஜி ஆலயத்தில் 1968-இல் நிறுவப்பட்ட அவருடைய நினைவுக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இதோசுவும் ஃபுனகோஷியும் வாத்தியார்கள். ஆபத்தான ஒன்றைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் இருந்தது. இன்றைய வகுப்பு முறைகளில் பெரும்பாலானவற்றை அந்தப் பொறுப்பை மனத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

வாசலில் தொடங்கும் வகுப்பு

ஒகினாவாவிலோ டோக்கியோவிலோ தோஜோ என்பது மரத்தரை போட்ட தனிக் கூடம். நம் ஊரில் அது பள்ளி மைதானமாக இருக்கலாம், கல்யாண மண்டபமாகவோ மொட்டை மாடியாகவோ மாநகராட்சிப் பூங்காவாகவோ இருக்கலாம். இடம் எதுவானாலும் உள்ளே நுழையும்போது ஒரு கணம் நின்று, பாதங்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து வணங்கிவிட்டு வருவதே முறை. பள்ளி, டியூஷன், செல்போன் என்று ஓடிக்கொண்டிருந்த மனது அந்த ஒரு கணத்தில் நிற்கிறது. இனி கவனம் சிதறினால் யாருக்காவது அடிபடும் என்று உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரம் அது.

அடுத்தது நகம். கைவிரலில் மட்டுமின்றிக் கால்விரலிலும் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கண்ணுக்கு அருகே விரல் போய்வரும் விளையாட்டில் நீண்ட நகம் கத்திக்குச் சமம். மோதிரம், வளையல், சங்கிலி, கம்மல், கொலுசு, மெட்டி, உலோகக் கிளிப், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ‘கோயில் கயிறு, கழற்ற மாட்டேன்’ என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அதற்கு மேல் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. நம்பிக்கையும் காப்பாற்றப்படும், எதிரே நிற்பவரின் விரலும் அதில் சிக்காது.

யூனிஃபார்ம் துவைத்ததாக இருக்க வேண்டும். சென்னை, மதுரை வெயிலில் ஒரு வகுப்பு முடிவதற்குள் அது நனைந்துவிடும். காயாத உடையை மறுநாள் மாட்டிக்கொண்டு வருவதும், வியர்வையோடு சுருட்டிப் பையில் திணிப்பதும் படர்தாமரையை வகுப்பு முழுவதற்கும் பகிர்ந்து கொடுக்கும் வழி. தோலில் அரிப்போ கொப்புளமோ இருந்தால் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, சரியாகும் வரை ஒதுங்கி நின்று கவனிப்பதும் மரியாதையில் சேர்ந்ததுதான். பயிற்சியின் நடுவே உடை கலைந்தால் முன்பக்கத்துக்கும் எதிராளிக்கும் பின்புறம் திரும்பி நின்று சரிசெய்துகொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் மேலங்கிக்குள் டி-ஷர்ட் போட்டுக்கொள்வது எல்லா இடத்திலும் ஏற்கப்பட்ட வழக்கம்.

தாமதமாக வந்துவிட்டால் சத்தமில்லாமல் வரிசையின் கடைசியில் நுழைந்துகொள்ளலாம் என்று நினைப்பது தவறு. ஓரமாக முழந்தாளிட்டு உட்கார்ந்து, நடத்துபவர் கண்ணால் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் உதைக்கும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் பூனைபோல வந்து நின்றால் என்ன ஆகும்? அதே காரணத்துக்காகத்தான் பயிற்சி செய்யும் ஜோடிகளுக்கு நடுவே புகுந்து நடக்கக் கூடாது, வரிசைக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும், சொல்லாமல் வெளியேறக் கூடாது என்கிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மயக்கம் வந்து கழிவறையில் விழுந்து கிடக்கும் பிள்ளையை யாரும் தேடாமல் போய்விடக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் தரையைச் சுத்தம் செய்வது மாணவர்களின் வேலை. ஜப்பானில் ஈரத்துணியை இரு கைகளாலும் தரையில் அழுத்தி, குனிந்தபடியே நீளவாக்கில் ஓடித் துடைப்பார்கள். கறுப்பு பெல்ட்காரருக்கும் அதில் விலக்கில்லை. அந்த வேலையைக் கடைநிலைப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டிவிட்டு மூத்தவர்கள் அரட்டையடிக்கும் வகுப்பில் மற்ற மரியாதைகளும் மேல்பூச்சாகத்தான் இருக்கும்.

மூன்று முறை குனிகிறார்கள், எதற்கு?

தொடக்க வணக்கத்தைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். கூடத்தின் முன்புறத்துக்கு ஷோமென் என்று பெயர். சில இடங்களில் அங்கே தங்கள் பிரிவை நிறுவியவரின் படம் இருக்கும். நம் பள்ளி மைதானங்களில் கொடிக்கம்பம் இருக்கும் பக்கத்தையோ ஒரு சுவரையோ அப்படி வைத்துக்கொள்கிறார்கள். மாணவர்கள் அதைப் பார்த்தபடி வரிசையாக நிற்கிறார்கள். வலது ஓரத்தில் எல்லாருக்கும் மூத்தவர், இடதுபக்கம் போகப்போக இளையவர்கள்.

மூத்த மாணவர் ‘செய்சா’ என்று குரல் கொடுக்கிறார். முதலில் இடது முழங்கால், பிறகு வலது முழங்கால் தரையைத் தொடுகிறது. குதிகால் மேல் உட்கார்கிறார்கள். எழும்போது வலது பாதம் முதலில். இடுப்பின் இடப்பக்கம் வாள் செருகியிருந்த காலத்தில் தேவைப்பட்டால் உடனே உருவ வசதியாக வந்த வரிசை இது என்பார்கள். வாள் இல்லாத காலத்திலும் அதனால் ஒரு பயன் இருக்கிறது. முப்பது பேர் நெருக்கமாக ஒரே முறையில் உட்கார்ந்து எழும்போது யாருடைய முட்டியும் பக்கத்தில் இருப்பவர்மேல் இடிப்பதில்லை.

‘மொகுசோ’ என்றதும் கண்களை மூடுகிறார்கள். மூச்சு அடங்குகிறது. ‘மொகுசோ யாமே’ என்றால் கண் திறக்கலாம்.

பிறகுதான் வணக்கங்கள். முதலாவது, ‘ஷோமென் நி ரெய்’. இப்போது மாஸ்டரும் மாணவர்களுக்கு முதுகு காட்டி முன்புறம் திரும்பியிருக்கிறார். அவர்கள் குனியும்போது அவரும் அதே திசையில் குனிகிறார். இந்த வித்தை தன்னிடமிருந்து தொடங்கவில்லை, தனக்கு முன்னே பலர் கைமாற்றிக் கொடுத்தது என்பதை அவர் தம் மாணவர்களின் கண்ணெதிரில் ஒப்புக்கொள்கிறார். இரண்டாவது, ‘சென்செய் நி ரெய்’. மாஸ்டர் திரும்பி மாணவர்களைப் பார்த்து அமர்கிறார். அவர்கள் அவரை வணங்க, அவரும் பதிலுக்குக் குனிகிறார். மூன்றாவது, ‘ஒதகாய் நி ரெய்’. உடன் பயிலும் எல்லாரும் ஒருவருக்கொருவர் செய்யும் வணக்கம். இன்று என் உடம்பில் நீ பழகப்போகிறாய், உன் உடம்பில் நான் பழகப்போகிறேன், பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்ற ஒப்பந்தம் அது.

குனியும்போது முதலில் இடது உள்ளங்கை, பிறகு வலது உள்ளங்கை தரையில் பதியும். முதுகு வளையாமல் நெற்றி தாழும். நின்றபடி வணங்கும்போது ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்தால் போதும். இங்கே சினிமாவின் கைவரிசையும் உண்டு. 1973-இல் வந்த ‘என்டர் தி டிராகன்’ படத்தில், குனியும்போது பார்வையை எதிராளிமேல் வைத்திருக்கச் சொல்லி புரூஸ் லீ ஒரு பையனின் தலையில் தட்டுவார். அதைப் பார்த்துவிட்டுக் கழுத்தை நிமிர்த்தி முறைத்தபடியே குனியும் பழக்கம் பல வகுப்புகளில் ஒட்டிக்கொண்டது. ஜப்பானிய வழக்கத்தில் உடம்போடு சேர்ந்து பார்வையும் தாழும். குனிந்த நிலையில் ஒருவரை முறைப்பது, உன்னை நம்பவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

வணக்கமாகவும் பதிலாகவும் ‘ஓஸ்’ என்று உரக்கச் சொல்வதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கியோகுஷினிலும் ஜப்பானியப் பல்கலைக்கழக அணிகளிலும் அது மூச்சுக்கு மூச்சு கேட்கும். ஒகினாவாவின் பழைய தோஜோக்கள் பலவற்றில் அந்தச் சொல்லே கிடையாது. ‘ஆம்’ என்று பொருள்படும் ‘ஹாய்’ என்ற சாதாரணப் பதில்தான். வேறு வகுப்புக்கு விருந்தாளியாகப் போகும் மாணவர் அங்குள்ள வழக்கம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

எதிரே நிற்பவர் எதிரியா?

மரியாதை முறைகளின் உண்மையான சோதனை ஜோடிப் பயிற்சியில்தான் நடக்கிறது. தொடக்க மாணவர்களுக்கான குமிதே என்ற ஜோடிச் சண்டைப் பயிற்சியில் தாக்குபவர், எங்கே அடிக்கப்போகிறேன் என்பதை முன்கூட்டியே உரக்கச் சொல்லிவிட வேண்டும். ‘ஜோதான்’ என்றால் முகம், ‘சூதான்’ என்றால் வயிறும் மார்பும். சொன்ன இடத்தில்தான் அடிக்கலாம். எதிரே நிற்பவர் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். அவர் தடுக்கத் தவறினாலும் முஷ்டி தோலைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிட வேண்டும். அந்த இடைவெளிக்கு ஜப்பானியர்கள் வைத்த அளவு ஒரு ‘சுன்’, அதாவது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்.

இதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். தயங்கித் தயங்கி அடித்து நிறுத்துவது சுலபம். ஆனால் அந்த அடியால் எதிராளிக்குத் தடுக்கும் பழக்கம் வராது. கண்ணை மூடிக்கொண்டு வேகமாக அடிப்பதும் சுலபம், அது மூக்கை உடைக்கும். இடுப்பும் தோளும் முழு வேகத்தில் திரும்பி, முழங்கை நீண்டு, முஷ்டி இலக்கின் முன்னே சட்டென்று உறைவதற்கு வருடக்கணக்கான பயிற்சி வேண்டும். எதிரே நிற்பவரை மதிக்காதவருக்கு அந்தத் திறமை கைகூடாது. அவர் எவ்வளவு உயரம், எவ்வளவு பயப்படுகிறார், நேற்று எந்தக் காலில் சுளுக்கு என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தால்தான் 3 சென்டிமீட்டரில் நிறுத்த முடியும். மரியாதையும் தொழில்நுட்பமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

தப்பித்தவறி அடி பட்டுவிட்டால் அங்கேயே நிறுத்தி, அவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்து, மன்னிப்புக் கேட்டு, மாஸ்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். ‘கராத்தேன்னா அடி படத்தான் செய்யும்’ என்று சிரிப்பதும், பதிலடியாக அடுத்த சுற்றில் வேகத்தைக் கூட்டுவதும் வகுப்பிலிருந்து உட்கார வைக்கத் தகுந்த குற்றங்கள். மூத்தவர் இளையவரோடு ஜோடி சேர்ந்தால் இளையவரின் நிலைக்கு இறங்கி வந்து பயிற்சி தர வேண்டும். தம் வீரத்தைப் பச்சை பெல்ட் பையனிடம் காட்டும் கறுப்பு பெல்ட்காரர் தம் பெல்ட்டைத் தாமே கீழிறக்கிக்கொள்கிறார்.

போட்டி விதிகளிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. உலகக் கராத்தே சம்மேளன விதிகளின்படி, அடி சரியாக விழுந்தால் மட்டும் புள்ளி கிடைத்துவிடாது. அடித்த பிறகும் விழிப்பு குலையாமல் எதிராளியின்மீது கவனம் இருக்க வேண்டும். ஸன்ஷின் என்று அதைச் சொல்வார்கள். அடித்த உடனே முதுகைக் காட்டிக்கொண்டு கையை உயர்த்திக் கொண்டாடினால் புள்ளி பறிபோகலாம். படாத அடிக்குப் பட்டதுபோல நடிப்பவருக்கும் தண்டனை உண்டு.

வெற்றியின் உச்சியில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் அதே டோக்கியோ அரங்கில் முன்னுதாரணம் கிடைத்தது. ஆண்கள் கத்தா பிரிவில் தங்கம் வென்ற ரியோ கியூனா, கராத்தே பிறந்த ஒகினாவாவின் மகன். அந்தத் தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. வென்றபின் அவர் ஆட்டக்களத்தின் நடுவே முழந்தாளிட்டு அமர்ந்து தலை தாழ்த்தினார். பதக்க மேடையில் ஏறியபோது மறைந்த தம் தாயின் படத்தைக் கையில் வைத்திருந்தார்.

பெல்ட்டின் எடை

துவைக்காத வெள்ளை பெல்ட் அழுக்கேறி அழுக்கேறித்தான் கறுப்பு ஆனது என்ற கதையை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது கட்டுக்கதை. பயிற்சி பெற்றவரையும் புதியவரையும் பார்த்த உடனே பிரித்தறிய ஜூடோவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கானோ ஏற்படுத்திய அடையாளம்தான் கறுப்பு பெல்ட். அதனால் அதைத் துவைப்பது பாவம் என்று பயப்பட வேண்டியதில்லை. தரையில் போட்டு இழுக்காமல், யார் கழுத்திலும் சுற்றி விளையாடாமல், ஒழுங்காக மடித்து வைத்தால் போதும்.

‘மாஸ்டர், எனக்கு எப்போ பெல்ட் டெஸ்ட்?’ என்று மாணவர் கேட்கக் கூடாது என்பது பழைய வழக்கம். தயாரானதும் மாஸ்டரே சொல்வார். இன்று நம் ஊரில் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பது பெற்றோர். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், அதற்கொரு கட்டணம், சான்றிதழோடு மேடைப் படம் என்று வியாபாரமாகிவிட்ட இடங்களும் இருக்கின்றன. நிறம் ஏறிக்கொண்டே போய், நிறுத்தத் தெரியாத கைகளில் கறுப்பு பெல்ட் வந்து சேர்ந்தால் அது அந்தப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. பள்ளி மைதானத்துச் சண்டையில் அந்தக் கை யார் முகத்தில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஷோதோகான் பிரிவு மாணவர் முதலில் படிக்கும் ஹெய்யான் ஷோதான் கத்தாவின் முதல் அசைவு இடப்புறம் திரும்பிக் கீழே தடுப்பது. தாக்குதல் அதற்குப் பிறகுதான் வருகிறது. பிள்ளைக்கு அந்த வரிசையின் பொருள் விளங்கியிருக்கிறதா என்பதே பெல்ட் கொடுப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

குனிவது வழிபாடா?

இந்தச் சந்தேகத்தைச் சில இஸ்லாமிய, கிறிஸ்தவப் பெற்றோர் கேட்பதுண்டு. கேட்பதில் தவறே இல்லை, மாஸ்டர்கள் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். 1908-இல் இதோசு எழுதிய பத்து அம்சங்களின் முன்னுரையே, இந்தக் கலை புத்த சமயத்திலிருந்தோ கன்ஃபூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்று தெளிவாக்குகிறது. ஜப்பானில் குனிவது அன்றாட வணக்கம். கடைக்காரரும் வாடிக்கையாளருக்குக் குனிகிறார். ஈரான், சவூதி அரேபியா, எகிப்து போன்ற நாடுகளில் கராத்தே வேரூன்றியிருக்கிறது. எகிப்துக்கு ஒலிம்பிக் தங்கம் வென்று தந்த முதல் பெண்ணான ஃபெர்யால் அப்தெல்அஸீஸ் கராத்தே வீராங்கனைதான்.

அப்படியும் படத்தின் முன் நெற்றி தாழ்த்த ஒரு குடும்பத்துக்கு மனம் ஒப்பவில்லை என்றால், நின்றபடி லேசாகத் தலையசைக்க அந்தப் பிள்ளையை அனுமதிப்பதில் கலைக்கு எந்த இழப்பும் இல்லை. முன்புறத்தில் படமே வைக்காமலும் வகுப்பு நடத்தலாம். அடுத்தவரின் நம்பிக்கையை மதிக்கத் தெரியாதவர் மரியாதையைப் பற்றிப் பாடம் எடுப்பதில் பொருளில்லை.

மாஸ்டருக்கும் உண்டு இலக்கணம்

இந்தக் கட்டுரையின் மிக அவசியமான பகுதி இதுதான். கராத்தே வகுப்பில் மாஸ்டர் சொல்லே சட்டம். கூட்டமாகப் பயிலும் இடத்தில் ‘யாமே’ (நிறுத்து) என்று ஒருவர் சொன்னால் அத்தனை பேரும் அதே கணத்தில் நிற்க வேண்டும், அதில் விவாதத்துக்கு இடமில்லை. அந்தக் கீழ்ப்படிதல் பாதுகாப்புக்காகக் கேட்கப்படுவது. அதைப் பாதுகாப்பு தவிர வேறெதற்கும் பயன்படுத்தும் உரிமை எந்த மாஸ்டருக்கும் கிடையாது. தற்காப்பு சொல்லித்தர வந்தவர்களே பிள்ளைகளிடம் அத்துமீறி, போக்சோ வழக்கில் கைதான செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மரியாதை என்ற பெயரில் பேசாமல் இருக்கப் பழக்கப்பட்ட பிள்ளைகளிடம்தான் அந்தக் கொடுமை எளிதில் நடக்கிறது.

ஆகவே மாஸ்டருக்கான விதிகளையும் எழுதி வைப்போம். நிலையைத் திருத்தப் பிள்ளையின் உடம்பைத் தொட வேண்டியிருந்தால் சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படித் தொட வேண்டும். வாயால் சொல்லியோ தானே செய்து காட்டியோ திருத்த முடிந்தால் தொடவே வேண்டாம். தனி அறையில் தனி வகுப்பு கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றிருக்க வேண்டும். பிள்ளையின் செல்போனுக்கு மாஸ்டர் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, எதுவானாலும் பெற்றோர் வழியாகவே போகட்டும். பிரம்படி, வெயிலில் முட்டி போடவைப்பது, உடல்பருமனைச் சொல்லிக் கேலி செய்வது எதுவும் கராத்தே மரபின் பகுதி கிடையாது. பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே தடை செய்துவிட்டது. பள்ளி வளாகத்தில் நடக்கும் கராத்தே வகுப்பில் மட்டும் அதற்குச் சலுகை எதற்கு?

பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற பழைய ஜப்பானிய வழக்கத்தையும் சிலர் வீரம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானிலேயே அதைக் கைவிட்டாயிற்று. சித்திரை வெயிலில் நம் பிள்ளைகளுக்கு அதைத் திணிப்பது உயிரோடு விளையாடுவது. வலித்தால் கை உயர்த்திச் சொல்லவும், முடியவில்லை என்றால் உட்காரவும், மாதவிடாய் நாளில் காரணம் சொல்லாமலே ஓய்வெடுக்கவும் மாணவிக்கு இடம் இருக்க வேண்டும். வலியை விழுங்கிக்கொள்வது மரியாதை என்று சொல்லித் தருபவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாஸ்டரை வணங்குவது அவர் உங்களுக்குக் கொடுத்த வித்தைக்காக. உங்களுக்குச் சங்கடம் தரும் எதையும் அவர் செய்தால் அந்த வணக்கம் உங்களைக் கட்டுப்படுத்தாது. உரக்க ‘வேண்டாம்’ சொல்லுங்கள், வெளியே வாருங்கள், வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. விஷயம் தெரிந்த பெரியவர்கள் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ‘மாஸ்டர் பேர் கெட்டுப்போகும்’ என்பது மறைப்பதற்குக் காரணமாகாது.

பெற்றோர் கவனத்துக்கு

* வகுப்பு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்து விடுங்கள். தாமதத்துக்குப் பிள்ளை தலைகுனியும்படி வைக்காதீர்கள்.
* ஓரத்தில் உட்கார்ந்து ‘கையைத் தூக்கு, இன்னும் வேகமா உதை’ என்று சத்தம் போடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்டால் பிள்ளைக்கு அடிபடும்.
* மற்ற பிள்ளைகளின் படங்களையும் வீடியோக்களையும் அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் சமூக ஊடகங்களில் போடாதீர்கள்.
* ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு எதையும் மறைக்காமல் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.
* வீட்டுக்கு வந்த உறவினர் முன்னால் ‘எங்கே, அந்த உதையைக் காட்டு’ என்று பிள்ளையைத் தம்பிமேல் ஏவாதீர்கள். வித்தை வேடிக்கைப் பொருளாவது அங்கேதான்.
* தோற்றுவிட்டு வரும் நாளில், வென்றவருக்குக் கை கொடுத்தாயா என்று கேளுங்கள்.

கோடை விடுமுறை வந்தால் ஊருக்கு ஊர் கராத்தே பேனர்கள் முளைக்கும். சேர்ப்பதற்கு முன்னால் எத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட், எத்தனை பதக்கம் என்று கேட்காதீர்கள். ஒருநாள் மாலை முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் வணங்கும்போது மாஸ்டரும் திரும்ப வணங்குகிறாரா? அங்கே எல்லாரிலும் பலசாலியான மாணவர், எல்லாரையும்விட மெலிந்த பிள்ளையோடு ஜோடி சேரும்போது அவர் கை எங்கே நிற்கிறது? தப்பாகச் செய்த பிள்ளை மாஸ்டரைப் பார்த்து நடுங்குகிறதா, அல்லது மறுபடி முயற்சி செய்கிறதா? தரையைத் துடைக்கும்போது பெரியவர்கள் கையிலும் துணி இருக்கிறதா? இந்த நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் அந்த வகுப்பு மண் தரையில் நடந்தாலும் பரவாயில்லை, பணத்தைக் கட்டிச் சேர்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால், குளிர்சாதனக் கூடமும் சுவர் நிறையக் கோப்பைகளும் இருந்தாலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வகுப்பைத் தேடிப் போங்கள்.